இங்கிலீஷில் எந்த ‘இல்லை’ நமக்குச் சரி?

போன ஜூனில் என் வகுப்புப் பையன் ஒருவன் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனான். டிப்ளமா முடித்தவன், ஒரு அரியர்கூடக் கிடையாது. ஆனால் கடைசித் தவணை ஃபீஸ் பாக்கி. அதனால் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கல்லூரி அலுவலக பீரோவில் கிடந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: ‘டூ யூ ஹேவ் யுவர் சர்டிபிகேட்ஸ்?’ இவன் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘நோ சார், ஐ டோன்ட் ஹேவ் எனி சர்டிபிகேட்’ என்றான். அவர் பேனாவை மூடிவிட்டு மலையாளத்துக்கு மாறினார்: ‘அப்போ பாஸாயில்லே?’

பையன் சொல்ல நினைத்தது, ‘இப்பக் கையில இல்ல சார்’. சொன்னது, ‘எனக்குச் சர்டிபிகேட்டே கிடையாது’. கடைசியில் ஒரு ‘ஸ்’ விட்டுப்போனது தவிர இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ‘எனி’யைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ‘இல்லைன்னு சொல்லும்போது பின்னாடி எனி போடுங்க’ என்று இரண்டு வாரம் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன்.

அன்றிரவுதான் உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் ஒரே ‘இல்லை’யை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டிவிடுகிறோம். அதை இங்கிலீஷில் சொல்ல ஐ டோன்ட் ஹேவ், ஐ ஹேவன்ட் காட், ஐ ஹேவ் நோ, ஐ ஹேவன்ட் எ என்று நாலு வழி இருக்கின்றன. நம் ஊரில் புழங்குகிற ‘ஐ ஆம் நாட் ஹேவிங்’கையும் சேர்த்தால் ஐந்து. எல்லாவற்றையும் பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் கலந்து ஒரு கூட்டு வைத்துவிடுகிறார்கள். வாயில் எதை வைத்துக்கொள்வது, காதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நான் வந்த முடிவும் அதற்குப் போன வழியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாடியறையில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஜன்னலைத் திறந்தால் கரும்பனைகள். வாளையாறு கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் பலகை துடைக்கிற துணிகூடப் பறந்துவிடும். கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் பாலக்காடு. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் கேரள எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம், வேலை கேட்கப் போனால் இங்கிலீஷ். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு முயல்கிறவர்கள் ஒரு பகுதி. கோயம்புத்தூரில் அமெரிக்க வாடிக்கையாளரோடு போன் பேசுகிற வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பகுதி. அப்புறம் பிரிட்டனுக்குப் போக ஓ.ஈ.டி., ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற இங்கிலீஷ் பரீட்சைகளில் ஒன்றை எழுதக் காத்திருக்கிற நர்ஸ் பெண்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே பதில் பொருந்துமா என்பதுதான் என் தலைவலி.

டோன்ட் ஹேவ்

‘ஐ டோன்ட் ஹேவ் எ பென்.’ இன்று உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற நாணயம் இதுதான். அமெரிக்காவில் இதுதான் வழக்கம். பிரிட்டனிலும் இப்போது சர்வசாதாரணம். மெயிலில் எழுதலாம், நேரில் சொல்லலாம். ‘டோன்ட்’டை ‘டூ நாட்’ என்று விரித்தால் அலுவலகக் கடிதத்துக்கும் ஆகும்.

இதன் பெரிய வசதி, மற்ற வினைச்சொற்கள் போகிற தடத்திலேயே இதுவும் போவது. ஐ டோன்ட் நோ, ஐ டோன்ட் வான்ட், ஐ டோன்ட் ஹேவ். காலம் மாறினால் டிட்ன்ட் ஹேவ், வோன்ட் ஹேவ். தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றும் கிடையாது.

வழுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்த ‘ஹி டோன்ட் ஹேவ்’, ‘ஷி டஸன்ட் ஹேஸ்’, ‘ஐ டிட்ன்ட் ஹேட்’. டஸன்ட் வந்துவிட்டால் ஹேஸ் வேண்டாம், டிட்ன்ட் வந்துவிட்டால் ஹேட் வேண்டாம். ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குக் கூலி கொடுப்பானேன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் மறந்துவிடுகிறார்கள், அது வேறு.

இரண்டாவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது, ‘நோ, ஐ டோன்ட் ஹேவ்.’ வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். தமிழில் ‘எங்கிட்ட இல்ல’ என்று நிறுத்தினால் போதும், என்ன இல்லை என்பது கேட்டவருக்கே தெரியும். இங்கிலீஷில் ‘ஹேவ்’ என்று வாயைத் திறந்துவிட்டால் எதை என்று சொல்லாமல் மூட முடியாது. அதனால் ஒன்று, ‘ஐ டோன்ட்’ என்று முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கூட ஒரு சொல் போட்டு முடிக்க வேண்டும். பொதுவாக ஏதோ ஒரு பேனா கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் ஒன்’. சில்லறை, தண்ணீர் மாதிரி எண்ணிப் பார்க்காத பொருளோ, பன்மையோ என்றால் ‘ஐ டோன்ட் ஹேவ் எனி’. ‘என் பேனா உன்கிட்டயா இருக்கு?’ என்று குறிப்பிட்ட ஒன்றைக் கேட்டால் ‘ஐ டோன்ட் ஹேவ் இட்’. ஒன், எனி, இட் இந்த மூன்றையும் ஒரு நாள் முழுக்கப் பேனா, சில்லறை, சாவி வைத்து விளையாட்டாக நடத்தினேன். என்னைக் கேட்டால் டஸன்ட், டோன்ட் சண்டையைவிட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். டஸன்ட் தவறினால் ‘இங்கிலீஷ் கொஞ்சம் வீக்’ என்று நினைப்பார்கள். இது தவறினால் கேட்கிறவர் வாக்கியம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்.

சர்டிபிகேட் பையனுக்குத் தேவைப்பட்டதும் இந்த வடிவம்தான், கூட ஒரு வால். ‘ஐ டோன்ட் ஹேவ் தெம் வித் மீ.’ வித் மீ என்றால் கையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். லைசென்ஸும் இதே கதைதான். வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்கும்போது ‘ஐ டோன்ட் ஹேவ் எ லைசென்ஸ்’ என்றால் லைசென்ஸ் எடுக்காமலே ஓட்டுகிறேன் என்று வாக்குமூலம் கொடுத்த மாதிரி. ‘ஐ டோன்ட் ஹேவ் மை லைசென்ஸ் வித் மீ’ என்றால் வீட்டில் வைத்துவிட்டு வந்த மறதிக்காரன். தமிழ் இதை ‘எனக்கு’, ‘எங்கிட்ட’ என்று முன்னாலேயே பிரித்துவிடுகிறது. மலையாளத்தில் ‘என்டெ கையில் இல்ல’ என்பார்கள், சாட்சாத் கையையே காட்டிவிடும். இங்கிலீஷில் ஹேவ் என்ற ஒரே பாத்திரத்தில் தம்பியும் தலைவலியும் லைசென்ஸும் சில்லறையும் ஒன்றாகக் கிடப்பதால், பின்னால் வால் கட்டித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

ஹேவன்ட் காட்

‘ஐ ஹேவன்ட் காட் எ பென்.’ பிரிட்டன்காரர்களின் வீட்டுப் பேச்சு. நம் பாடப் புத்தகங்களில் இது எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். பிள்ளைகள் இதைக் கேட்டதும் காட் என்பதைப் பிடித்துக்கொண்டு ‘எனக்குப் பேனா கிடைக்கவில்லை’ என்று அர்த்தம் செய்கிறார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ‘காட்’டுக்குத் தனி அர்த்தம் எதுவும் இல்லை, வாக்கியத்தின் அர்த்தம் வெறும் ‘இல்லை’தான். கிடைக்கவில்லை என்று சொல்ல அமெரிக்கர்கள் ‘ஐ ஹேவன்ட் காட்டன்’ என்று வேறு வடிவமே வைத்திருக்கிறார்கள். ‘காட்’டுக்கும் ‘காட்டனு’க்கும் நடுவே போனில் ஒரு பார்சலே தொலைந்துபோகலாம். அமெரிக்க வாடிக்கையாளர் ‘ஐ ஹேவன்ட் காட்டன் இட்’ என்றால் பொருள் இன்னும் வந்து சேரவில்லை என்கிறார்.

பழைய பிரிட்டிஷ் வழக்கில் ஒரு நுணுக்கம் இருந்தது. இந்த நேரத்தில் இல்லை என்றால் ‘ஹேவன்ட் காட்’, பொதுவாகவே வழக்கமில்லை என்றால் ‘டோன்ட் ஹேவ்’. ‘ஐ ஹேவன்ட் காட் எ ஹெட்ஏக்’ என்றால் இப்போது தலைவலி இல்லை. ‘ஐ டோன்ட் ஹேவ் ஹெட்ஏக்ஸ்’ என்றால் எனக்குத் தலைவலி வருவதே கிடையாது. அட, நம் ‘இல்லை’க்கும் ‘கிடையாது’க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே! ‘இன்னைக்கு பஸ் இல்ல’, ‘ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாது’. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பெண், ‘அப்ப இது நம்ம பாஷைதான் சார்’ என்றாள். இந்தப் பிரிவு இன்று பிரிட்டனிலேயே கரைந்துவருகிறது, இரண்டையும் இரண்டு இடத்திலும் போடுகிறார்கள். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டால் காது நன்றாகத் திறக்கும்.

இதை வாயில் வைத்துக்கொள்ளலாமா? எனக்கு ஒரு காலத்தில் ஆசை இருந்தது, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இல்லை என்று சொல்லப் போனால் இது கைவிட்டுவிடும். ‘ஐ ஹேடன்ட் காட்’ என்று சொல்கிறவர்கள் அபூர்வம், பிரிட்டன்காரரே அங்கே ‘டிட்ன்ட் ஹேவ்’வுக்குத்தான் போகிறார். நாளைக்கு இருக்காது என்றால் ‘வோன்ட் ஹேவ்’. ஆக, ஹேவன்ட் காட்டைக் கற்றுக்கொண்டாலும் டோன்ட் ஹேவையும் கற்றே ஆக வேண்டும். டோன்ட் ஹேவைக் கற்றுக்கொண்டவனுக்கு ஹேவன்ட் காட்டை வாயால் சொல்ல வேண்டிய அவசியமே வராது. நடுவில் விட்டுவிட்டுப் போகிற ஒன்றுக்கு எதற்கு டிக்கெட் எடுப்பது?

காதுக்கு மட்டும் கட்டாயம் வேண்டும், அதிலும் நர்ஸ்களுக்கு. அங்கே வார்டில் ‘ஹேவ் யூ காட் எனி பெயின்?’, ‘ஐவ் நாட் காட் மை கிளாஸஸ்’ என்று வயதானவர்கள் பேசுவார்கள். ஐவ் நாட் காட் என்பதும் ஹேவன்ட் காட்தான், சுருக்குகிற இடம்தான் வேறு. இந்தப் பெண்களுக்கு இதைக் காதுப் பயிற்சியாக மட்டும் நடத்துகிறேன். ஓ.ஈ.டி. பேச்சுத் தேர்வில் ஐந்து நிமிஷம் வாக்கில் ஓடுகிற இரண்டு ரோல்பிளே உண்டு. நர்ஸ் ‘டூ யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்?’ என்று கேட்டால் போதும், ஒரு மார்க்கும் குறையாது. ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸிலும் பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்க வழக்கு இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். நோயாளி ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்றோ ‘நாட் தட் ஐ நோ ஆஃப்’ என்றோ சொல்வார். இரண்டாவதைக் கேட்டு ஒரு பெண் திகைத்துப்போய் நின்றாள். ‘எனக்குத் தெரிஞ்சு இல்ல’ என்றதும், ‘எங்க அம்மாச்சிகூட டாக்டர்கிட்ட இப்படித்தான் சொல்லும்’ என்று தெளிந்தாள்.

ஹேவ் நோ, அப்புறம் மிச்ச இரண்டு

‘ஐ ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன்.’ எல்லையோரத்து மனிதர்களுக்கு இந்தச் சொல் மனப்பாடம். தடையில்லாச் சான்றிதழ் கேட்டு எந்த ஆபீஸுக்குத்தான் நாம் நடக்கவில்லை? எழுத்தில் ஹேவ் நோ கம்பீரமாக நிற்கும், பேச்சில் கொஞ்சம் அழுத்தம் கூடிவிடும். ‘ஐ டோன்ட் ஹேவ் எனி மணி’ என்றால் பணம் இல்லை, ‘ஐ ஹேவ் நோ மணி’ என்றால் சல்லிக்காசு இல்லை. அதனால் இன்டர்வியூவில் ‘ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ்’ என்று முழங்காதீர்கள். உங்களுக்கு எதிராக நீங்களே தீர்ப்பு எழுதிக்கொடுத்த மாதிரி இருக்கும். ‘ஐ ஹேவ் நோ ஐடியா’, ‘ஐ ஹேவ் நோ டவுட்’ போன்ற ஒட்டிப்பிறந்த தொடர்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நோவைப் போட்டால் டோன்ட் போடக் கூடாது. ‘ஐ டோன்ட் ஹேவ் நோ மணி’ என்று சில இடத்துப் பேச்சிலும் பாட்டிலும் கேட்கலாம். அவர்கள் சொன்னால் வட்டார வழக்கு, நாம் எழுதினால் சிவப்பு மை. இதற்கு நேர்மாறான பிழை ‘ஐ ஹேவ் நாட் மணி’. நோவுக்குப் பதில் நாட் உட்கார முடியாது.

‘ஐ ஹேவன்ட் எ பென்’ பழைய பிரிட்டிஷ் ஆள். இங்கிலீஷில் ஒரு காலத்தில் எல்லா வினைக்கும் ‘நாட்’டைப் பின்னால் ஒட்டி ‘ஐ நோ நாட்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் டூ உள்ளே நுழைந்து மெல்ல எல்லா வீட்டிலும் குடியேறியது. ஹேவ் மட்டும் ரொம்ப நாள் கதவைத் திறக்கவில்லை. போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட ‘ஹேவ் யூ எ மேட்ச்?’ என்று பிரிட்டனில் தீப்பெட்டி கேட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்த மாஸ்டர் அந்தக் காலத்து ஆள், ‘ஹேவ் யூ எ ஹேண்ட்கர்சீஃப்?’ என்றுதான் கேட்பார். இன்று ‘ஐ ஹேவன்ட் எ க்ளூ’ போன்ற சில தொடர்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. படித்தால் புரிந்தால் போதும்.

‘ஐ ஆம் நாட் ஹேவிங் சேஞ்ச்’ நம் சொந்தச் சரக்கு. நமக்குள் பேசும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை, நானும் காய்கறிக் கடையில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் ஆகாது. உடைமையைச் சொல்லும்போது ஹேவ் ஒரு நிலை, அதற்கு இங் ஒட்டாது. சாப்பாடு என்றால் ஒட்டும். ‘ஐ ஆம் நாட் ஹேவிங் லஞ்ச்’ என்றால் நான் மத்தியானம் சாப்பிடப்போவதில்லை, அல்லது இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் இதைச் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்தால் நல்லது.

யெஸ்ஸா, நோவா?

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. கேள்வியே எதிர்மறையாக வந்தால் என்ன செய்வது?

‘டோன்ட் யூ ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?’ நம் மனதில் அது ‘அனுபவம் இல்லையா?’ என்று விழுகிறது. தமிழில் ‘ஆமா சார், இல்ல’ என்று சொல்லலாம். நீங்கள் நினைத்தது சரி, எனக்கு இல்லை என்று அர்த்தம். கேட்டவரின் நினைப்புக்கு முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம் நம் நிலைமையைச் சொல்கிறோம், மரியாதையான வழிதான். அதை அப்படியே ‘யெஸ் சார்’ என்று இங்கிலீஷில் சொன்னால் ‘அனுபவம் இருக்கிறது’ என்று ஆகிவிடும். ‘யெஸ் சார், ஐ டோன்ட் ஹேவ்’ என்றால் கேட்டவர் இரண்டு தரப்பு வாதத்தையும் ஒரே வாயில் கேட்ட நீதிபதி மாதிரி முழிப்பார்.

இங்கிலீஷில் யெஸ்ஸும் நோவும் கேட்டவரின் நினைப்பைக் கண்டுகொள்வதில்லை, பொருள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் யெஸ், ஐ டூ. இல்லாவிட்டால் நோ, ஐ டோன்ட். கேள்வி நேராக வந்தாலும் குப்புற வந்தாலும் பதில் ஒன்றுதான். இது புரிந்தும் வாய் முந்திக்கொண்டு யெஸ் சொல்லிவிடும், எனக்கே இன்னும் சொல்லிவிடுகிறது. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறேன். எதிர்மறைக் கேள்வி வந்தால் யெஸ், நோ இரண்டையும் விழுங்கிவிட்டு வாக்கியத்தில் நேராக இறங்குங்கள். ‘ஐ டோன்ட் ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ் இன் அ ஃபேக்டரி, பட் ஐ டிட் மை ட்ரெய்னிங் இன் ஒன்.’ யெஸ் சொன்னானா நோ சொன்னானா என்று யாரும் தேட மாட்டார்கள்.

குட்டிப் பதிலில் இன்னொரு விதி உண்டு. கேள்வியின் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். டூ என்று தொடங்கினால் டோன்ட், டஸ் என்றால் டஸன்ட், ஹேவ் யூ காட் என்றால் ஹேவன்ட். ‘ஹேவ் யூ காட் எ மினிட்?’ என்று கேட்டவருக்கு ‘நோ, ஐ டோன்ட்’ என்றாலும் புரியும், சண்டைக்கு வர மாட்டார், ஆனால் ஜோடி மாறிய செருப்பு மாதிரி இருக்கும்.

பாஷை தெரிந்த பக்கத்து வீடுகள்

நம் ‘இல்லை’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘எங்கிட்ட பேனா இல்ல’ என்றாலும் இல்லை, ‘இது என் பேனா இல்ல’ என்றாலும் இல்லை. எழுதும்போது இரண்டாவதை ‘அல்ல’ என்று எழுதச் சொல்வார்கள், பேச்சில் அதை யாரும் சீந்துவதில்லை. விளைவு, ‘ஐ ஆம் நாட் பென்’ என்று ஒருவன் எழுந்து நின்று அறிவிப்பான். பேனா அல்லாத ஒருவன்!

இந்த இடத்தில் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு ஓர் அதிர்ஷ்டம். மலையாளம் இந்த இரண்டையும் இன்னும் பேச்சிலேயே பிரித்துவைத்திருக்கிறது. ‘என்டெ கையில் பேனா இல்ல’, ஆனால் ‘இது என்டெ பேனா அல்ல’. பஸ்ஸில், கடையில், தியேட்டர் வாசலில் இதைத் தினமும் கேட்டு வளர்ந்தவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள். அதனால் என் வகுப்பில் இங்கிலீஷுக்குத் தமிழ் வழியாகப் போகாமல் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் மலையாளம் வழியாகச் சுற்றிப் போகிறோம். மனதுக்குள் மலையாளத்தில் சொல்லிப் பார், ‘அல்ல’ வந்தால் ஆம் நாட், ஈஸ் நாட். ‘இல்ல’ வந்தால் டோன்ட் ஹேவ். ‘டாக்டர் அல்ல’, ஐ ஆம் நாட் எ டாக்டர். ‘சில்லற இல்ல’, ஐ டோன்ட் ஹேவ் எனி சேஞ்ச். ஒரே வாரத்தில் பேனா அல்லாதவர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து வருகிற இரண்டு பேருக்கு மட்டும் இந்த வசதி இல்லை. அவர்களுக்கு எழுத்துத் தமிழ் ‘அல்ல’வைத் தூசி தட்டி எடுத்துக்கொடுத்தேன்.

என் சித்தி குடும்பம் ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம். அங்கே தெலுங்கு பேசும்போது ‘இல்லை’யே உருமாறும். ‘நா தக்கர டப்பு லேது’, பணம் இல்லை. ‘நாக்கு தம்முடு லேடு’, தம்பி இல்லை. ‘நாக்கு பில்லலு லேரு’, பிள்ளைகள் இல்லை. எது இல்லையோ அதற்குத் தக்கபடி வால் மாறுகிறது. இங்கிலீஷில் யாருக்கு இல்லையோ அவருக்குத் தக்கபடி மாறும்: ஐ டோன்ட், ஷி டஸன்ட். தமிழ் இல்லையும் மலையாள இல்லவும் யாருக்காகவும் எதற்காகவும் மாறாத பிடிவாதக்காரர்கள். சித்தி மகனுக்கு டஸன்ட் சட்டென்று பிடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ‘இல்லைங்கிறதே ஆளுக்கு ஆள் மாறும்’ என்பது அவனுக்குப் புதுசாக இல்லை, அவ்வளவுதான்.

இல்லை என்று சொல்லாமல் இல்லை என்பது

வீட்டில் அரிசிப் பானை காலியானால் எங்கள் பாட்டி ‘அரிசி இல்ல’ என்று சொல்ல விடமாட்டாள். ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும், அதிலும் விளக்கு வைத்த நேரத்தில். கடைக்காரர்களும் அப்படித்தான், ‘இல்ல’ என்பதற்குப் பதில் ‘தீந்துருச்சு, நாளைக்கு வரும்’. இங்கிலீஷிலும் கடைக்காரர் ‘வி டோன்ட் ஹேவ் எனி’ என்று முகத்தில் அடிப்பதைவிட ‘சாரி, வி ஆர் அவுட் ஆஃப் ஷுகர்’ என்றோ ‘வி ஹேவ் ரன் அவுட்’ என்றோ சொல்வதுதான் நயம். ரன் அவுட் என்றதும் பின்வரிசையில் ஒருவன் அம்பயர் மாதிரி விரலைத் தூக்கினான். அந்த விரலோடு சேர்த்து வகுப்புக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது. போன் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் கட்டாயப்படுத்துவது ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வி டோன்ட் ஹேவ் தட்’. பயமெல்லாம் ஒன்றுமில்லை, ‘மன்னிக்கணும், அது இல்லீங்க’ என்பதில் இருக்கிற ‘ங்க’தான் அது.

சரி, என் முடிவு. வாய்க்கு டோன்ட் ஹேவ் ஒன்றே ஒன்று. கஞ்சிக்கோடு போகிறவருக்கும் கோயம்புத்தூர் போன் வேலைக்கும் பிரிட்டன் நர்ஸுக்கும் இதுவே. மாற்றி மாற்றிப் பேசுவதால் வருகிற அழகைவிடத் தடுமாற்றம்தான் அதிகம். ஹேவன்ட் காட் நர்ஸ்களின் காதுக்குக் கட்டாயம், மற்றவர்களுக்கு நேரம் இருந்தால். ஹேவ் நோ எழுத்துக்கும் நாலைந்து தொடர்களுக்கும். ஹேவன்ட் எ மியூசியத்துக்கு. நாட் ஹேவிங் சாப்பாட்டு மேஜைக்கு.

எனியைப் பற்றிய என் பழைய விதியையும் மாற்றிவிட்டேன். இப்போது பலகையில் எழுதுவது இப்படி: மொத்தமாகவே இல்லை என்றால் எனி, உன்னுடையது கையில் இல்லை என்றால் வித் மீ. சிவப்புச் சாக்பீஸில் எழுதி அடிக்கோடும் போடுகிறேன்.

சர்டிபிகேட் பையனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஃபீஸ் பாக்கியில் பாதியைக் கட்டிவிட்டான், மீதிக்கு அலைகிறான். அடுத்த இன்டர்வியூ எங்கேயோ தெரியாது, ஆனால் தினமும் பஸ்ஸில் பயிற்சி நடக்கிறது. ‘சில்லறயுண்டோ?’ என்று கண்டக்டர் கேட்டதும் வாயால் ‘இல்ல சேட்டா’ என்கிறான், மனதுக்குள் ‘ஐ டோன்ட் ஹேவ் எனி’ என்கிறானாம். நேற்று ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு, வாய் தவறி இங்கிலீஷையே உரக்கச் சொல்லிவிட்டான். கண்டக்டர் ஒரு நொடி அவனைப் பார்த்தாராம். ‘எனிக்கும் டோன்ட் ஹேவ், மோனே’ என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாராம்.